ஒரு ஜாம் போத்தல், ஒரு துண்டுத் தகடு: டி.எல்.சி. செய்து பழக முழு வழிகாட்டி

2020 இல் இலங்கையில் மஞ்சள் இறக்குமதி நின்று கிலோ விலை ஆயிரக்கணக்கில் எகிறிய நேரம். அம்மா சந்தையில் வாங்கிய மஞ்சள்தூள் பைக்கற்றை என் முன்னால் வைத்து, "நீ கெமிஸ்றி படிச்சனி தானே. இது நல்ல தூளோ எண்டு பார்த்துச் சொல்லு" என்றார். நிறம் கொஞ்சம் அதிகமாகவே பளிச்சிட்டது. சாயம் கலந்திருக்குமோ என்பதுதான் அவரின் சந்தேகம்.

பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பாதிப் பதிலாவது சொல்லக்கூடிய ஒரு முறை இருக்கிறது. மென்படை நிறப்பகுப்பு. ஆய்வுகூடத்தில் யாரும் அப்படி நீட்டி முழக்குவதில்லை, டி.எல்.சி. என்றால் போதும். உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும், பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகத் தகடு பிடிக்கப் போகிறவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். அம்மாவின் மஞ்சளைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கை பழக வேண்டும்.

என்ன நடக்கிறது

கண்ணாடி அல்லது அலுமினியத் தகடொன்றில் சிலிக்கா ஜெல் மிக மெல்லிதாகப் பூசப்பட்டிருக்கும். தடிப்பு கால் மில்லிமீற்றர் அளவுதான். கலவையை அதன் அடியில் ஒரு சிறு புள்ளியாக வைத்து, தகட்டின் அடி நுனி மட்டும் கரைப்பானில் நனையும்படி நிறுத்துகிறோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கரைப்பான் தானாக மேலே ஏறும். ஏறும்போது கலவையிலுள்ள பொருட்களையும் இழுத்துக்கொண்டு போகும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தூரத்துக்கு இழுப்பதில்லை.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஏ9 வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். வவுனியாவில் இரண்டு பஸ் ஒன்றாகப் புறப்படுகின்றன. ஓடும்போது இரண்டுக்கும் ஒரே வேகம். ஒன்று ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று கை காட்டிய இடமெல்லாம் நிற்கிறது. மற்றது முறிகண்டிப் பிள்ளையாரிடம் மட்டும் நின்று தேங்காய் அடித்துவிட்டுப் பறக்கிறது. இரண்டாவது கிளிநொச்சியில் நிற்கும்போது முதலாவது இன்னும் மாங்குளம் தாண்டியிருக்காது. வேகத்தில் வித்தியாசமில்லை, நின்ற நேரத்தில்தான் வித்தியாசம்.

தகட்டிலும் இதே கதைதான். சிலிக்காவின் மேற்பரப்பு முழுக்க ஐதரொட்சில் கூட்டங்கள். முனைவுத்தன்மை கூடிய, அதாவது மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்ந்த மூலக்கூறுகள் இவற்றோடு ஐதரசன் பிணைப்புப் போட்டு அடிக்கடி ஒட்டி ஒட்டி நிற்கும். முனைவற்றவை நிற்காமல் கரைப்பானோடு போய்விடும். ஒட்டும் இடமான சிலிக்காவை நிலையான அவத்தை என்றும், ஓடும் கரைப்பானை அசையும் அவத்தை என்றும் பாடப்புத்தகம் சொல்லும். ஒரு மூலக்கூறு தன் நேரத்தில் எத்தனை பங்கைக் கரைப்பானில் கழிக்கிறதோ, ஏறத்தாழ அத்தனை பங்கு தூரம்தான் அது ஏறும். இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் கைவேலை.

தகடு இல்லாதவர்களுக்கு வெண்கட்டி

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் டி.எல்.சி. தகடு இருக்காது. வெண்கட்டி இருக்கும். கறுப்பு ஃபெல்ற் பேனையால் வெண்கட்டியின் அடியிலிருந்து ஒன்றரை சென்ரிமீற்றர் மேலே சுற்றிவர ஒரு கோடு போடுங்கள். ஒரு தட்டில் அரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, அதில் வெண்கட்டியை நிமிர்த்தி வையுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு பிரிந்து, பேனையைப் பொறுத்து நீலம், சிவப்பு, மஞ்சள் என்று தனித்தனி வளையங்கள் ஏறும்.

அப்புறம் அதையே நிரந்தர மார்க்கரால் செய்து பாருங்கள். தண்ணீரில் அசையவே அசையாது. தண்ணீருக்குப் பதில் சேர்ஜிக்கல் ஸ்பிரிற் விட்டால் ஏறும். கரைப்பானைச் சரியாகத் தெரிவு செய்யாவிட்டால் நல்ல தகடும் வீண் என்பதை ஒரு பிள்ளைக்கு இதைவிட மலிவாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

தேவையான சாமான்

சிலிக்கா ஜெல் தகடு 20க்கு 20 சென்ரிமீற்றர் தாளாக வரும். அலுமினியத்தில் பூசியதை வாங்குங்கள், கத்தரிக்கோலால் வெட்டலாம். பெட்டியில் எஃப் 254 என்றிருந்தால் அதில் ஒளிரும் பொருளும் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பயன் பிறகு தெரியும். இத்துடன் மூடியுள்ள ஜாம் போத்தல் ஒன்று, வடிதாள், பென்சில், அடிமட்டம், சாவணம், மயிர்த்துளைக் குழாய்கள். அவ்வளவுதான்.

மயிர்த்துளைக் குழாய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தகடுகள் கெடுவது இங்கேதான். கடையில் வாங்கும் குழாயின் துளை பெரும்பாலும் பெரிது. தொட்டவுடன் பொட்டுப்போலப் பெரிய வட்டம் விழும். நாங்களே இழுத்துக்கொள்வதுதான் நல்லது. மெல்லிய கண்ணாடிக் குழாயின் நடுப்பகுதியைச் சுவாலையில் பிடித்து, விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே இருங்கள். கண்ணாடி செம்மஞ்சளாகி, இனி இரண்டு கையும் தனித்தனி என்று தோன்றும் அளவுக்கு இளகும். உடனே இழுக்கக்கூடாது, முதலில் சுவாலையிலிருந்து வெளியே எடுங்கள். ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, ஒரே சீராக இரண்டு பக்கமும் இழுங்கள். சுவாலைக்குள்ளேயே இழுத்தால் நூல்போல அறுந்துவிடும். சரியாக வந்தால் தையல் ஊசி மொத்தத்தில் ஒரு முழம் நீளக் குழாய் கிடைக்கும். ஆறவிட்டு, விரல் நீளத் துண்டுகளாக முறித்து வைத்துக்கொள்ளலாம். இந்த வேலை முழுவதையும் கரைப்பான் போத்தல் எதையும் திறக்கமுன் முடித்து, சுவாலையையும் அணைத்துவிடுங்கள். நாங்கள் பாவிக்கப்போகும் கரைப்பான்களான எக்சேனும் அசற்றோனும் ஆவியிலேயே தீப்பிடிக்கும்.

முதல் தகடு: முருங்கையிலை

பழகுவதற்கு இலைச் சாற்றை விட நல்லது எதுவுமில்லை. நிறங்கள் கண்ணுக்குத் தெரியும், விளக்கு எதுவும் வேண்டாம். முருங்கை இல்லாத வளவு வன்னியில் ஏது?

ஒரு பிடி இலையை ஈரம் போகத் துடைத்து, உரலில் போட்டு, ஒரு சிட்டிகை கல்சியம் காபனேற்றும் சேர்த்து அரையுங்கள். இலையில் இருக்கும் அமிலம் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தைக் கழற்றிவிடும்; காபனேற்று அதைத் தடுக்கும். பிறகு 5 மில்லிலீற்றர் அசற்றோன் விட்டு மீண்டும் அரைத்து, தெளிந்த கரும்பச்சைச் சாற்றைச் சின்னப் போத்தலில் எடுத்து அலுமினியத் தாளால் சுற்றுங்கள். வெயில் பட்டால் பச்சையம் சிதையும்.

தகட்டை 5க்கு 10 சென்ரிமீற்றர் துண்டாக வெட்டுங்கள். விளிம்பை மட்டும் பிடியுங்கள், விரல் எண்ணெய் பட்டால் அதுவும் தகட்டில் ஏறும். அடியிலிருந்து 1 சென்ரிமீற்றர் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு. அழுத்தக்கூடாது, சிலிக்கா கீறுப்பட்டால் கரைப்பான் அங்கே தடுமாறும். பேனை வேண்டவே வேண்டாம். நான் முதன்முதலில் செய்த தகட்டில் நீலப் பேனையால் அழகாகக் கோடு போட்டுப் பெயரும் எழுதினேன். பத்து நிமிடத்தில் என் மாதிரியோடு போட்டி போட்டுக்கொண்டு என் பெயரும் மேலே ஏறியது. பென்சிலில் இருப்பது காபன், அது எந்தக் கரைப்பானிலும் கரையாது.

கோட்டில் ஓரங்களிலிருந்து 1 சென்ரிமீற்றர் தள்ளி, ஒன்றுக்கொன்று 1 சென்ரிமீற்றர் இடைவெளியில் நான்கு இடங்களைக் குறியுங்கள். குழாயைச் சாற்றில் தொட்டால் அது தானாக ஏறிக்கொள்ளும். தகட்டில் அதை மெதுவாகத் தொட்டு உடனே எடுங்கள். புள்ளி 2 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது. காயவிட்டு, அதே இடத்தில் மறுபடி தொடுங்கள். முதல் இடத்தில் ஒரு தொடுகை, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஆறு, கடைசியில் பன்னிரண்டு என்று வைத்துப் பாருங்கள். எவ்வளவு போட்டால் தெளிவு, எவ்வளவு போட்டால் புள்ளி நீண்டு இழுபட்டு வால் முளைக்கும் என்பதை இந்த ஒரு தகடே காட்டிவிடும்.

ஜாம் போத்தலில் எக்சேன் 7 பங்கு, அசற்றோன் 3 பங்கு கலந்து, அரைச் சென்ரிமீற்றர் உயரத்துக்கு மட்டும் விடுங்கள். போத்தலின் உட்சுவரை ஒட்டி ஒரு துண்டு வடிதாளை நனைத்து நிறுத்தி, மூடி, பத்து நிமிடம் விடுங்கள். உள்ளே ஆவி நிரம்ப வேண்டும். நிரம்பாவிட்டால் தகட்டிலிருந்து கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஓரங்களில் கூடுதலாக ஆவியாவதால் கரைப்பானின் முன்வரம்பு, அதாவது நனைவின் மேல் எல்லை, வளைந்து ஏறும். இப்போது சாவணத்தால் தகட்டை உள்ளே நேராக இறக்குங்கள். பென்சில் கோடு கரைப்பானுக்கு மேலே இருக்க வேண்டும். புள்ளி மூழ்கினால் சாறு போத்தலுக்குள்ளேயே கரைந்துபோகும்.

மூடிய பிறகு ஆட்டவோ தூக்கிப் பார்க்கவோ கூடாது. ஃபானுக்குக் கீழே வைக்கவும் கூடாது. கரைப்பான் மேல்விளிம்புக்கு ஒரு சென்ரிமீற்றர் இருக்கும்போது தகட்டை எடுத்து, நனைவு நின்ற இடத்தை உடனே பென்சிலால் கோடு போடுங்கள். உடனே என்றால் உடனே. எங்கள் வெக்கையில் எக்சேன் அரை நிமிடத்தில் காய்ந்துவிடும், பிறகு எங்கே நின்றது என்று சத்தியம் பண்ண முடியாது.

காணப்போவது இது. எல்லாவற்றுக்கும் மேலே, முன்வரம்பை ஒட்டிச் செம்மஞ்சளாகக் கரோட்டின். அது வெறும் ஐதரோகாபன், சிலிக்காவோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒன்று தெரிந்தால் அது மக்னீசியத்தை இழந்த பச்சையம். பிறகு நீலப்பச்சையாகப் பச்சையம் ஏ, கொஞ்சம் கீழே மஞ்சள்பச்சையாகப் பச்சையம் பி. இரண்டுக்குமிடையே ஒரேயொரு கூட்டத்தில்தான் வித்தியாசம்: ஏயில் மெதைல் இருக்கும் இடத்தில் பியில் அல்டிகைட்டு. அந்த ஒரு மாற்றத்தைத் தகடு கண்டுபிடித்துப் பிரித்து வைக்கிறது. இன்னும் கீழே சாந்தோபில்கள், மஞ்சளாக. முதன்முதலில் பார்க்கும் பிள்ளைகள் "பச்சை இலைக்குள்ள இவ்வளவு மஞ்சளோ" என்று கேட்பார்கள்.

இந்தத் துறையே இப்படி இலைச் சாற்றில்தான் பிறந்தது. ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெற் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்சியம் காபனேற்று நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச் சாற்றை ஊற்றி நிறங்களைப் பிரித்தார். அவரின் குடும்பப் பெயருக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்றுதான் பொருள். குழாயை விட்டு மெல்லிய படைக்கு வந்தது 1938 இல், கார்கிவ் நகரில், இஸ்மைலொவும் ஷ்ரைபரும் கண்ணாடியில் அலுமினா பூசி மருந்து மூலிகைச் சாறுகளைச் சோதித்தபோது. 1950களில் ஜெர்மனியின் எகொன் ஸ்ரால் பூச்சையும் தடிப்பையும் ஒரே சீராக்கிய பிறகுதான் இது உலகெங்கும் பரவியது.

அளந்து எழுதுவது

அடிக்கோட்டிலிருந்து புள்ளியின் நடுவரை உள்ள தூரத்தை, அடிக்கோட்டிலிருந்து முன்வரம்புவரை உள்ள தூரத்தால் வகுத்தால் ஆர்.எஃப். பெறுமானம். முன்வரம்பு 8.0 சென்ரிமீற்றர், புள்ளி 5.6 சென்ரிமீற்றர் என்றால் 0.70. அலகு இல்லை, ஒன்றைத் தாண்டாது. தகட்டின் கீழ்விளிம்பிலிருந்து அளந்து 1 சென்ரிமீற்றரைக் கூட்டிவிடுவது பரீட்சையில் வழக்கமாக நடக்கும் தவறு.

இனி முக்கியமான விஷயம். ஆர்.எஃப். என்பது அடையாள அட்டை இலக்கம் மாதிரி ஒரு பொருளுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தது அல்ல. சிலிக்கா காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் ஏற்கனவே பிடித்த இடத்தில் உங்கள் மூலக்கூறுக்கு ஒட்ட இடமில்லை, அதனால் கூடுதலாக ஏறும். கார்த்திகை, மார்கழி மழையில் செய்த தகட்டுக்கும், ஆடியில் செய்த தகட்டுக்கும் ஒரே இலைச் சாறு வேறு வேறு இலக்கம் தரும். மாரிகாலத்தில் தகட்டை 105, 110 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி ஈரம் போக்கியபின் பாவித்தால் இந்த ஆட்டம் குறையும், முற்றாகப் போகாது. ஆகவே புத்தகத்தில் உள்ள பெறுமானத்தோடு ஒப்பிட்டு "இது அதுதான்" என்று எழுதாதீர்கள். சந்தேகப்படும் பொருளின் சுத்தமான மாதிரியை அதே தகட்டில் பக்கத்துப் புள்ளியாக வையுங்கள். மூன்றாவது புள்ளியில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். மூன்றாவது வரிசையும் பிரியாமல் ஒரே புள்ளியாக ஏறினால்தான் இரண்டும் ஒன்றாக இருக்க வாய்ப்புண்டு. அப்போதும் வாய்ப்புத்தான். பிரிந்தால் நிச்சயமாக வேறு. "இல்லை" என்று சொல்வதில் டி.எல்.சி. கெட்டிக்காரன், "ஆம்" என்று சொல்வதில் கொஞ்சம் தயக்கம்.

கரைப்பான் தேர்வு

புள்ளிகள் 0.2க்கும் 0.8க்கும் இடையில் விழ வேண்டும். எல்லாம் அடியில் ஒட்டிக் கிடந்தால் கரைப்பானின் முனைவுத்தன்மையைக் கூட்டுங்கள். எல்லாம் உச்சியில் போய்க் குவிந்தால் குறையுங்கள். ஏறுவரிசையில்: எக்சேன், தொலுயீன், குளோரோபோம், எதைல் அசற்றேற்று, அசற்றோன், எதனோல், மெதனோல். தெரியாத கலவைக்கு நான் எக்சேனும் எதைல் அசற்றேற்றும் சம அளவில் தொடங்கி, அங்கிருந்து மேலேயோ கீழேயோ போவேன். அமிலப் பொருள் வால் விட்டால் ஒரு துளி அசற்றிக் அமிலம், மூலப் பொருள் (காரத்தன்மை உள்ளது) வால் விட்டால் ஒரு துளி அமோனியா.

வெளிநாட்டுக் குறிப்புகளில் ஈதர் சேர்க்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றாதீர்கள். டைஎதைல் ஈதரின் கொதிநிலை 34.6 பாகை. எங்கள் கோடைப் பகலில் மேசையில் வைத்த போத்தலே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். கலந்த விகிதம் ஐந்து நிமிடத்தில் வேறாகியிருக்கும், தீ அபாயம் தனி.

நிறமில்லாதவற்றைப் பார்ப்பது

பரசிற்றமோல், கஃபீன் போன்றவை வெள்ளைத் தகட்டில் தெரியாது. எஃப் 254 தகட்டை 254 நனோமீற்றர் புறஊதா விளக்கில் பிடித்தால் தகடு முழுவதும் பச்சையாக ஒளிரும். அந்தக் கதிரை உறிஞ்சும் பொருள் இருக்கும் இடம் மட்டும் கருநிழலாக நிற்கும். பென்சிலால் வட்டமிடுங்கள். விளக்கை நேராகப் பார்க்காதீர்கள், கண்ணாடி போடுங்கள். விளக்கு இல்லையென்றால் மூடிய போத்தலில் சில அயடீன் பளிங்குகளைப் போட்டுத் தகட்டை உள்ளே வையுங்கள். பெரும்பாலான சேதனப் பொருட்கள் கபிலப் புள்ளிகளாகத் தெரியும். வெளியே எடுத்ததும் மங்கத் தொடங்கும், ஆகவே இங்கேயும் பென்சில் தயாராக இருக்க வேண்டும்.

அம்மாவின் மஞ்சள்

அரைக் கிராம் தூளை 5 மில்லிலீற்றர் அசற்றோனில் குலுக்கி, அடியில் படியவிட்டு, மேல் தெளிவை எடுத்தேன். முதல் இடத்தில் அது. இரண்டாவதில் வீட்டுக் கிழங்கை நானே காயவைத்து இடித்த தூளின் சாறு. மூன்றாவதில் மெற்றனில் மஞ்சள், மஞ்சள்தூளில் கள்ளமாகக் கலக்கப்படும் சாயம். நான்காவதில் வீட்டு மஞ்சளும் சாயமும் ஒன்றன்மேல் ஒன்று. கரைப்பான் குளோரோபோம் 95, மெதனோல் 5. குளோரோபோம் ஆவி நல்லதல்ல, ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வுகூடப் புகைக்கூண்டுக்குள் மட்டும் செய்யுங்கள்.

வீட்டு மஞ்சள் மூன்று மஞ்சள் புள்ளிகளாகப் பிரிந்தது. மேலே குர்குமின், கீழே மெதொட்சிக் கூட்டம் ஒன்று குறைந்தது, அதற்கும் கீழே இரண்டும் இல்லாதது. மெற்றனில் மஞ்சள் ஓர் உப்பு, மின்னேற்றம் உள்ளது, ஆகவே அடிக்கோட்டருகே ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான்காவது வரிசையில் இரண்டும் தெளிவாகத் தள்ளித் தள்ளி நின்றன. கலந்திருந்தால் இந்த முறையில் அகப்படும் என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த வரிசை இல்லாமல் முதல் வரிசையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது.

அம்மாவின் தூளில் அதே மூன்று புள்ளிகள், அடியில் எதுவும் இல்லை. ஆனால் மூன்றும் வீட்டு மஞ்சளை விட மங்கலாக இருந்தன. அரிசிமா கலந்திருக்கலாம், பழைய தூளாக இருக்கலாம், கிழங்கின் இனமே அப்படி இருக்கலாம். மா அசற்றோனில் கரையாது, தகட்டுக்கு வரவே வராது. ஈயக் குரோமேற்றும் அப்படித்தான். அதற்கு வேறு சோதனை வேண்டும். அயடீன் விட்டு மாவைப் பிடிக்கலாம் என்று நினைப்பீர்கள், மஞ்சள் கிழங்கிலேயே மாப்பொருள் இருக்கிறது, சுத்தமான தூளும் நீலமாகும்.

இவ்வளவையும் அம்மாவிடம் விளக்கினேன். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப சாயம் இல்லை?"

"நான் வச்ச அந்தச் சாயம் இல்லை."

"வேற சாயம்?"

"அதையும் பக்கத்தில வச்சுப் பார்த்தாத்தான் சொல்லலாம் அம்மா."

பைக்கற்றின் வாயை மடித்து றப்பர் பான்ட் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்தார். அன்றைய கறிக்கு வீட்டு மஞ்சள்தான் விழுந்தது.